துக்கத்தின் மூச்சும் பாட்டின் மூச்சும்

1945 பிப்ரவரி 13, செவ்வாய்க்கிழமை. விடிந்தால் சாம்பல் புதன், தவக்காலத்தின் முதல் நாள். அன்றிரவு பிரிட்டிஷ் விமானப்படையின் ஏறத்தாழ 800 விமானங்கள் இரண்டு தவணையாக வந்து ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தின் மேல் குண்டு பொழிந்தன. மறுநாள் அமெரிக்க விமானங்கள் வந்தன. ஆங்காங்கே பிடித்த தீ ஒன்றோடொன்று சேர்ந்து, நாலாபுறமிருந்தும் காற்றை உறிஞ்சும் தீப்புயலாகி நகரின் நடுப்பகுதியை அழித்தது. இறந்தவர்கள் எத்தனை பேர் என்ற கேள்வியில் அரசியல் புகுந்து, பல பத்தாண்டுகள் எண்ணிக்கை ஊதிப் பெருக்கப்பட்டது. நகராட்சி அமைத்த வரலாற்றாளர் குழு 2010-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, அதிகபட்சம் 25,000 பேர்.

இறந்தவர்களில் 11 பேர் குரோய்ட்ஸ் தேவாலயத்தின் சிறுவர் பாடகர் குழுவைச் சேர்ந்தவர்கள். எழுநூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்து பாடிவந்த குழு அது. தேவாலயமும் பள்ளியும் எரிந்துபோயின. குழுவின் நடத்துநர் ருடோல்ஃப் மவர்ஸ்பெர்கருக்கு அப்போது 56 வயது. உயிர் தப்பிய அவர் மலைப்பகுதியில் இருந்த தன் சொந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே, புனித வெள்ளியும் அதற்கடுத்த சனிக்கிழமையுமான இரண்டே நாட்களில், பைபிளின் புலம்பல் நூலிலிருந்து சில வசனங்களைப் பொறுக்கியெடுத்து ஒரு சேர்ந்திசைப் பாடலை அமைத்தார். வாத்தியம் எதுவும் கிடையாது, குரல்கள் மட்டும்தான். ‘துக்க மோட்டெட்’ என்று அதைச் சொல்கிறார்கள். ஆகஸ்ட் 4 அன்று, எரிந்து கருகிய அதே தேவாலயத்துக்குள், எஞ்சிய சிறுவர்கள் அதை முதல்முறையாகப் பாடினார்கள்.

மவர்ஸ்பெர்கர் 1933-இலேயே நாஜிக் கட்சியில் சேர்ந்தவர். இதைச் சொல்லாமல் டிரெஸ்டனின் துக்கத்தைப் பேசுவது நேர்மையாகாது. அதே நேரம், செத்துப்போன பதினொரு பிள்ளைகளுக்காக ஒரு ஆசிரியர் அழுததில் பொய் எதுவும் இல்லை. இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொண்டுதான் அந்தப் பாட்டை நான் கேட்கிறேன்.

கேட்கும்போதெல்லாம் ஒரு விஷயம் உறுத்துகிறது. அதில் ஆறுதலான சொல் ஒன்றுகூட இல்லை. புலம்பல் நூலிலேயே நடுவில் நம்பிக்கை தரும் வசனங்கள் இருக்கின்றன. பிரசங்கம் செய்பவர்கள் வழக்கமாக அவற்றைத்தான் எடுப்பார்கள். மவர்ஸ்பெர்கர் அவற்றை அப்படியே தாண்டிப் போய்விட்டார். ஆளில்லாத நகரம், பாழான வாசல்கள், மேலிருந்து எலும்புக்குள் இறங்கிய நெருப்பு என்று போய், ஏன் எங்களை மறந்தாய் என்று கடவுளிடமே கேட்டு, தன் நிலையைக் கண்டுகொள்ளும்படி இறைஞ்சுவதோடு பாட்டு முடிகிறது. பதில் வருவதில்லை. இருந்தும் சாம்பல் மேட்டில் நின்ற ஊர் அதைக் கேட்க வந்தது. அதன் பிறகும் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறது. சொல்லில் ஆறுதல் இல்லையென்றால் அது எங்கிருந்துதான் வருகிறது? விடையின் ஒரு பெரும்பகுதி மூச்சில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

துக்கம் முதலில் கைவைப்பது மூச்சின் மேல்தான். தேம்பி அழும்போது உதரவிதானம் வெட்டி வெட்டி இழுக்கிறது. உள்ளே போகும் காற்று துண்டு துண்டாகப் போகிறது, வெளியே வருவது சீராக வருவதில்லை. தொண்டையில் ஏதோ அடைத்துக்கொள்கிறது. அதற்குப் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம் இது: உணர்ச்சி பொங்கும்போது தானியங்கி நரம்பு மண்டலம், உடலுக்குக் கூடுதல் காற்று தேவைப்படும் என்று கருதி, குரல்நாண்களுக்கு இடையிலுள்ள வழியை அகலத் திறந்து பிடிக்கிறது. எச்சில் விழுங்க வேண்டுமென்றால் அதே வழி மூடியாக வேண்டும். திறக்கும் தசையும் மூடும் தசையும் ஒரே நேரத்தில் இழுக்கும்போது, அங்கே இல்லாத ஒரு கட்டி இருப்பதுபோல் தோன்றுகிறது. பாடுவதற்கு அந்த இரண்டு நாண்களும் மெல்ல ஒட்டிக்கொண்டு அதிர வேண்டும். அதனால்தான் இழவு வீட்டில் பாட்டு எடுப்பவர் முதல் வரியிலேயே தடுமாறுகிறார்.

பாடுபவரின் மூச்சு இதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறது. ஒரு நொடிக்குள் காற்றை உள்ளே இழுத்து, எட்டு, பத்து நொடிகளுக்கு அதைச் சிறுகச் சிறுகச் செலவழிக்க வேண்டும். நிரம்பிய நுரையீரல் தானாகவே சுருங்கப் பார்க்கும். விலாவுக்கு இடையிலுள்ள தசைகள் அதைப் பிடித்து நிறுத்தி, காற்றை அளந்து வெளியே விடுகின்றன.

இந்த நீண்ட வெளிமூச்சு இதயத்தையும் தொடுகிறது. காற்று உள்ளே போகும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் விரைகிறது, வெளியே வரும்போது கொஞ்சம் தணிகிறது. தணியும் அந்தக் கட்டளையை வேகஸ் நரம்பு கொண்டுபோகிறது. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனியிலும் ரத்த அழுத்தத்தைக் கவனிக்கும் உணர்விகள் இருக்கின்றன. அழுத்தம் ஏறினால் அவை மூளைக்குச் சொல்ல, மூளை இதயத்தைத் தணிக்க, அழுத்தம் இறங்குகிறது. இறங்கினால் மறுபடி ஏற்றம். இந்தச் சுற்று ஒருமுறை முடிய ஏறத்தாழ 10 நொடிகள் ஆகின்றன. மூச்சும் அதே 10 நொடிக்கு ஒன்றாக வந்தால், ஊஞ்சலைச் சரியான தருணத்தில் தள்ளிவிடுவதுபோல இரண்டும் ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன.

லூச்சியானோ பெர்னார்டி என்ற இத்தாலிய மருத்துவரும் அவருடைய குழுவினரும் 2001-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் அளந்தது. நல்ல உடல்நிலையில் இருந்த 23 பேரை லத்தீன் மொழியில் ஜெபமாலை சொல்லச் சொன்னார்கள். பிறகு ‘ஓம் மணி பத்மே ஹூம்’ சொல்லச் சொன்னார்கள். சும்மா இருக்கும்போது நிமிடத்துக்குப் பதினான்கு முறை போலிருந்த மூச்சு, இரண்டிலுமே ஆறை ஒட்டி வந்து நின்றது. ரத்த அழுத்தத்தைச் சீராக்கும் அந்தச் சுற்றும் கூர்மையானது. ஜெபமாலையில் பாதியை ஒருவர் சொல்ல, மீதியை மற்றவர்கள் சொல்வது வழக்கம். ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் 10 நொடியை ஒட்டியே அமைகிறது. ஒரு மதத்தவர் பெருமைப்பட இதில் ஒன்றும் இல்லை, ஏனென்றால் இன்னொரு மதத்தின் மந்திரமும் அதே இடத்துக்குத்தான் கொண்டுபோய்ச் சேர்த்தது. இரண்டு மரபுகளும் ஏறத்தாழ ஒரே நீளமுள்ள வரிகளைத் தேர்ந்திருக்கின்றன. உடல் எதில் இளைப்பாறுகிறதோ அதை மக்கள் மறுபடி மறுபடி சொல்லியிருப்பார்கள், சொல்லச் சொல்ல அது நிலைத்திருக்கும் என்று நம்ப எனக்குத் தடையில்லை.

2013-இல் ஸ்வீடனின் யோத்தபோரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பியோர்ன் விக்ஹாஃப் குழுவினர் 18 வயது இளைஞர்கள் சேர்ந்து பாடும்போது அவர்களுடைய இதயத் துடிப்புகளைப் பதிவுசெய்தார்கள். முதலில் ஒரே சுரத்தை அவரவர் விருப்பப்படி மூச்செடுத்து முனகவேண்டும். அடுத்து ஒரு பழைய கிறிஸ்தவப் பாமாலை. கடைசியில் வரிக்கு வரி ஒன்றாக மூச்செடுக்கும் மெதுவான மந்திரம். பாட்டின் அமைப்பு எந்த அளவுக்கு மூச்சை ஒழுங்குபடுத்தியதோ, அந்த அளவுக்கு அவர்களுடைய இதயங்கள் ஒன்றாக விரைந்து ஒன்றாகத் தணிந்தன. இதை ‘இதயங்கள் ஒன்றாகத் துடித்தன’ என்று பத்திரிகைகள் எழுதின. துடிப்புகள் ஒரே கணத்தில் விழவில்லை. வேகம் ஏறுவதும் இறங்குவதும்தான் ஒத்துப்போயின. மூச்சு ஒன்றானதன் விளைவு அது. அவ்வளவுதான் என்றாலும், தனியாகப் படுக்கையில் கிடந்து தேம்புகிற ஒருவருக்கு எது கிடைக்காதோ அதுதான் அது.

சேர்ந்து பாடுவதில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. எந்த மனித நுரையீரலும் தாங்காத அளவு நீளமாக ஒரு சுரத்தைப் பாடகர் குழு பிடிக்க முடியும். பக்கத்தில் நிற்பவர் மூச்செடுக்கும் இடத்தில் நீங்கள் எடுக்கக் கூடாது. அவர் எடுத்து முடித்து உள்ளே வந்தபின், சத்தமில்லாமல் வெளியேறி, காற்றை நிரப்பிக்கொண்டு, அதே சுரத்துக்குள் மெல்ல நுழையவேண்டும். எல்லாக் குழுக்களும் பழகுகிற பாடம் இது. கேட்பவருக்கு எங்கும் வெட்டு தெரியாது. ஒருவருக்குத் தொண்டை அடைத்துக்கொண்டால் அவர் நான்கு வரி நின்றுவிடலாம். பாட்டு நிற்காது. அழுது முடித்து அவர் திரும்பி வரும்போது அது இன்னும் அங்கேயே போய்க்கொண்டிருக்கும். எரிந்த தேவாலயத்தில் அன்று நின்ற பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இருந்த நண்பன் இல்லை. வரியைத் தாங்கிப் பிடிக்க வேறொருவன் இருந்தான்.

ஒலியும் இதற்கு ஒத்துழைக்கிறது. இருபது பேர் ஒரே சுரத்தைப் பாடினாலும் இருபதும் துல்லியமாக ஒன்றாயிருப்பதில்லை. ஒவ்வொரு குரலும் இம்மி அளவு ஏறியோ இறங்கியோ அதிர்கிறது. அந்த வித்தியாசங்கள் ஒன்றோடொன்று மோதி ஒலியில் ஓயாத ஒரு சிற்றலையை உண்டாக்குகின்றன. அந்த அலைக்குள் தனிக்குரல் எது என்று காதால் பிரித்தெடுக்க முடிவதில்லை. ஸ்டாக்ஹோமைச் சேர்ந்த ஸ்டென் டெர்ன்ஸ்ட்ரம் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். பாடுபவருக்குத் தன் குரல் மற்றவர்களுடையதைவிடக் கொஞ்சம் மேலோங்கிக் கேட்டால்தான் வசதி என்று அவர் கண்டார்: முற்றிலும் அமுங்கிவிட்டால் சுருதி தப்பும், மிகவும் தனித்துத் தெரிந்தால் கூச்சம் வரும். குரல் நடுங்கினால் அது தனக்கு மட்டும் தெரியும், ஊருக்குத் தெரியாது. துக்கத்தில் இருப்பவருக்கு இதைவிடப் பாதுகாப்பான இடம் கிடைப்பது அரிது.

சரி, பாடாமல் கேட்பவருக்கு? ஜெர்மனியில் குந்தர் க்ரோய்ட்ஸ் குழுவினர் 2004-இல் வெளியிட்ட ஆய்வு இந்த வித்தியாசத்தை நேராகத் தொட்டது. அவர்கள் எடுத்துக்கொண்டது மொட்சார்ட்டின் ரெக்வியம், அதாவது இறந்தோருக்கான திருப்பலி இசை. பொழுதுபோக்குக்குப் பாடும் ஒரு குழுவினர் ஒருநாள் அதைப் பாடினார்கள். இன்னொரு நாள் அதே பாட்டைப் பதிவில் கேட்டார்கள். இருமுறையும் முன்னும் பின்னும் எச்சில் மாதிரி எடுக்கப்பட்டது. பாடியபோது, நோய்த்தொற்றுக்கு எதிரான முதல் காவலாக வாயிலும் மூக்கிலும் சுரக்கும் இம்யூனோகுளோபுலின்-ஏ கூடியது, மனநிலையும் தேறியது. கேட்டபோது மனநிலை கனத்தது. ஆனால் மன அழுத்தத்தின் ஹார்மோனான கார்டிசால் கேட்டபோதுதான் குறைந்தது. மனம் கனக்க, உடல் தளர்கிறது. இரண்டும் எதிரும் புதிருமாகத் தோன்றலாம். சாவு வீட்டிலிருந்து திரும்பி வந்து ஒருமூச்சு அழுதுவிட்டுத் தூங்கிப்போனவர்களுக்கு இதில் வியப்பிருக்காது. சிறிய ஆய்வுதான், இதை வைத்துப் பெரிய கோட்டை கட்டக் கூடாது. ஆனாலும் பாடுபவரின் ஆறுதலும் கேட்பவரின் ஆறுதலும் உடலுக்குள் வேறு வேறு வழியில் நடக்கின்றன என்பதற்கு அது நல்ல தடயம்.

ஆக்ஸ்ஃபோர்டின் ராபின் டன்பார் குழுவினர் சேர்ந்து பாடுபவர்களின் வலி தாங்கும் எல்லையைப் பாட்டுக்கு முன்னும் பின்னும் ரத்த அழுத்தப் பட்டையை இறுக்கிச் சோதித்தார்கள். பாடியபின் எல்லை உயர்ந்தது. மூளை தானே சுரக்கும் எண்டார்ஃபின் என்னும் வலிநீக்கியின் வேலை அது என்று அவர்கள் கருதுகிறார்கள். மூளைக்குள் நேராக அளக்கவில்லை என்பதால் ‘கருதுகிறார்கள்’ என்ற சொல்லை நான் விடமாட்டேன்.

துக்கத்தை நேராகவே அளந்த ஆய்வும் உண்டு. டெய்சி ஃபேன்கோர்ட் குழுவினர் லண்டனில் புற்றுநோய்க்கு உறவைப் பறிகொடுத்த 58 பேரைப் பின்தொடர்ந்து 2019-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரு பகுதியினர் வாரந்தோறும் சேர்ந்து பாடினார்கள், மற்றவர்கள் பாடவில்லை. பாடியவர்களின் மனச்சோர்வு மாயமாக மறைந்துவிடவில்லை. இருந்த இடத்திலேயே நின்றது. பாடாதவர்களுக்கோ மாதம் போகப்போக மெல்லக் கூடியது. எனக்கு இந்த முடிவு மிகவும் நம்பத் தகுந்ததாகப் படுகிறது. அன்பானவர் போன துக்கத்தைப் பாட்டு துடைத்துவிடும் என்று சொல்பவர் துக்கத்தை அறியாதவர். இன்னும் கீழே போகாமல் ஒருவரைப் பிடித்து நிறுத்துவதே பெரிய உதவி.

போர்க்காலத்தின் இரண்டு முகாம்களில் இதெல்லாம் எந்த அளவுக்கருவியும் இல்லாமல் நடந்தது. செக் நாட்டின் தெரெசின் யூத முகாமில் ரஃபேல் ஷெக்டர் என்ற நடத்துநர், ஒரே ஒரு இசைப்பிரதியை வைத்துக்கொண்டு, ஏறத்தாழ 150 பேருக்கு வெர்டியின் ரெக்வியத்தை வாய்ப்பாடமாகச் சொல்லிக்கொடுத்தார். பாடியவர்கள் கிழக்கே நாடுகடத்தப்பட, அவர் மறுபடி ஆள் சேர்த்து மறுபடி சொல்லிக்கொடுத்தார். யூதர்கள் ஏன் கத்தோலிக்கத் திருப்பலியைப் பாடவேண்டும் என்று முகாமுக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தது. 1944 ஜூனில் செஞ்சிலுவைப் பிரதிநிதிகள் வந்தபோது கடைசியாகப் பாடினார்கள். அக்டோபரில் ஷெக்டர் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டார்.

சுமத்ராவின் பலெம்பாங்கில் ஜப்பானியர் அடைத்துவைத்த பெண்கள் முகாமில் மார்கரெட் டிரைபர்க் இருந்தார். சிங்கப்பூரில் ஊழியம் செய்த பிரிட்டிஷ் மிஷனரி. 1942-இல் அவர் எழுதி இசையமைத்த ஒரு பாமாலையை அந்தப் பெண்கள் ஞாயிறுதோறும் பாடினார்கள். இசைக்கல்லூரியில் பயின்ற நோரா சேம்பர்ஸுடன் சேர்ந்து, வாத்திய இசைகளை நினைவிலிருந்தே நான்கு பெண்குரல்களுக்குப் பிரித்து எழுதினார். டச்சுக்காரர்கள், ஆங்கிலேயர்கள், ஆஸ்திரேலிய நர்சுகள் என்று பல நாட்டவர் இருந்ததால் அதில் சொற்களே இல்லை, வெறும் ஒலியசைகள்தான். 1943 டிசம்பர் 27 அன்று முதல் கச்சேரி. நிற்கத் தெம்பில்லாமல் உட்கார்ந்தே பாடினார்கள். 1945-இல் பலர் பசியாலும் நோயாலும் இறந்துபோக, மிஞ்சியவர்களுக்கு மூச்சு போதாமல் பாட்டு நின்றது. டிரைபர்க் அந்த ஏப்ரலில் காலமானார். மூச்சுக்கும் சோறு வேண்டும். ஆறுதலை ஆன்மாவின் விஷயம் என்று மட்டும் பேசுபவர்கள் அந்த முகாமை ஒருமுறை நினைத்துப் பார்க்கவேண்டும்.

டிரெஸ்டனில் ஆறுதல் சொல்லாத சொற்கள், தெரெசினில் வேறொரு மதத்தின் சொற்கள், பலெம்பாங்கின் கச்சேரியில் சொற்களே இல்லை. இதற்காகச் சொற்கள் வீண் என்று நான் சொல்லவில்லை. தலைமுறைகள் பாடித் தேய்ந்த புனித வாசகம் துக்கத்துக்கு ஒரு தொடக்கத்தையும் நீளத்தையும் கொடுக்கிறது. என்ன சொல்வது என்று தேடும் வேலையை எடுத்துவிடுகிறது. 1868-இல் ப்ரேமன் பேராலயத்தில் பிராம்ஸ் தன் ஜெர்மன் ரெக்வியத்தை நடத்தியபோது, மரபான லத்தீன் வாசகத்தை விட்டுவிட்டு, பைபிளிலிருந்து தானே தேர்ந்த வசனங்களை வைத்தார். இறந்தவர்களிடம் போகுமுன், துயரப்படுகிறவர்களிடமிருந்தே அது தொடங்குகிறது.

இந்த அறிவியலுக்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு. மூச்சை ஒன்றாக்கும் பாட்டு எதைப் பற்றியது என்று வேகஸ் நரம்பு கேட்பதில்லை. ஹிட்லரின் இளைஞர் படை ஓயாமல் சேர்ந்து பாடிய அமைப்பு. அதே பிணைப்பு, அதே தெம்பு, வேறு நோக்கம். புலம்பலில் ஒரு காப்பு இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது: அது யாரையும் அடிக்கக் கிளம்பச் சொல்வதில்லை, இழந்ததைப் பார்க்கச் சொல்கிறது. மவர்ஸ்பெர்கர் எடுத்த வசனங்களில் பழிவாங்கும் வேண்டுதல் இல்லை. புலம்பல் நூலில் அப்படிப்பட்ட வசனங்களும் உண்டு. அவற்றையும் அவர் விட்டுவிட்டார்.

1947-48-இல் அவர் டிரெஸ்டன் ரெக்வியம் என்ற பெரிய படைப்பை எழுதினார். அதன் பின்னும் பல ஆண்டுகள் திருத்திக்கொண்டே இருந்தார். அதில் மூன்று குழுக்கள்: ஒன்று பிரதானக் குழு, ஒன்று பீடத்தருகே, மூன்றாவது கண்ணில் படாத தூரத்தில். இறந்தவர்களின் குரல் இந்தத் தூரக்குழுவுக்கு. கல் கட்டடத்துக்குள் தூரம் எப்படிக் கேட்கிறது என்பது ஒலியியலில் அழகான பகுதி. அருகில் பாடுபவரின் ஒலி முதலில் நேராக வந்து காதைத் தொடுகிறது. சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும் ஒலி பின்னால், வலுவிழந்து வருகிறது. பாடுபவர் விலக விலக நேரொலி தேய்கிறது, திரும்பும் ஒலியோ கட்டடம் முழுவதும் ஏறத்தாழ ஒரே அளவில் நிற்கிறது. ஒரு கட்டத்துக்கு அப்பால் திரும்பும் ஒலிதான் மிகுதி. இந்த விகிதத்தை வைத்துத்தான் மூளை தூரத்தைக் கணிக்கிறது. மெய்யெழுத்துகளின் கூர்மை மழுங்கி, உயிரெழுத்துகள் நீள்கின்றன. சொல் பாதி புரிகிறது, திசை சரியாகத் தெரிவதில்லை. ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனும் 1962-இல் கவென்ட்ரியில் அரங்கேறிய போர் ரெக்வியத்தில் சிறுவர் குழுவைத் தள்ளி நிறுத்தச் சொன்னார். மவர்ஸ்பெர்கரிடம் பாடகர்களுக்குப் பஞ்சமில்லை. மூன்றையும் ஒரே மேடையில் நிறுத்தியிருந்தால் ஒத்திசைவு எளிதாக இருந்திருக்கும், ஏனென்றால் தூரத்திலிருந்து வரும் ஒலி தாமதமாக வரும், 34 மீட்டருக்கு ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு. அந்தத் தாமதத்தை ஈடுகட்ட, தூரக்குழு தன் காதில் விழும் பாட்டை நம்பாமல், தன்னைக் கேட்பவர்களுக்கு எப்போது போய்ச் சேரும் என்று கணக்கிட்டுச் சற்று முன்கூட்டியே பாடவேண்டும்.